பலகையின் பின்பக்கம்

எண்ணெய் ஸ்டேஷனில் எனக்குப் பதினோரு வருசம்.
முதலில் நாலாம் நம்பர் பம்ப்,
இப்போது கவுன்டர், இரவு ஷிப்ட்.
மீட்டருக்கு மறதி கிடையாது.
ஒரு சொட்டு கூடினாலும்
சென் கணக்கில் சொல்லிவிடும்.

சுங்கை கெலாடி ஆறு மீட்டர் இல்லாமல் வந்தது.
தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.
விடியற்காலை மூன்று மணிக்கு
பின்வாசலில் ஒரு செருப்பு மிதந்து போவதைப் பார்த்தேன்.
அது என்னுடையது என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

செம்பனைக்கும் டவுனுக்கும் நடுவே
நூற்றுப்பன்னிரண்டு வீடு.
எல்லாச் சுவரிலும் ஒரே பழுப்புக் கோடு.
எனக்கு நெஞ்சு மட்டம், சரோஜினிக்குக் கழுத்து.

எட்டாம் நாள் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.
இஸ்திரி கலையாத சட்டை.
வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி, பிஸ்கட், பால்டின்,
சின்னம் போட்ட துண்டு.
பிறகு, கதவு அளவுக்கு ஒரு செக்:
பாலாய் ராயாவுக்குப் பத்தாயிரம் வெள்ளி.
ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார்கள்.
"நீங்க நம்ம ஆள்தானே, சிரிங்க."
சிரித்தேன். படத்தில் எல்லாப் பல்லும் இருக்கிறது.

செக்கை விட்டுவிட்டுப் போனார்கள்.
அது வண்டிக்குள் நுழையவில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள்.
சரி, தின்றது யார்?
குடித்தது கவினேஷின் ஐந்தாம் ஆண்டுப் புத்தகங்கள்,
சரோஜினியின் தையல் மெஷின்,
அஞ்சாபுலியின் எட்டு வாத்துகள்.
வாத்து வெள்ளத்தில் சாகும் என்று
போன மாதம் யாராவது சொல்லியிருந்தால்
சிரித்திருப்பேன்.
கூண்டில் இருந்தன.

லோரி ஓட்டுகிற புஷ்பநாதன் கேட்டார்:
"நீயும்தானே வித்தே, நானும்தானே ஊத்தினேன்?"
அந்த இரவு முழுக்க அந்தக் கேள்வி
கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.
காலையில் அவரிடம் சொன்னேன்:

"அண்ணே, நீங்க ஊத்தின ஒவ்வொரு லிட்டருக்கும்
காசு வெச்சீங்க. ரசீது நான்தான் கிழிச்சுக் கொடுத்தேன்.
என் மோட்டார் குடிச்ச அஞ்சு வெள்ளிக்கும் ரசீது இருக்கு.
அவங்க புகைக்கு எங்கே ரசீது?
தெரியாம செஞ்சிருந்தா விட்டுடலாம்.
வெயில் ஏறும், கடல் ஏறும்னு
அவங்க ஆளுங்களே எழுதி வெச்சாங்களாம்,
நான் பொறக்கிறதுக்கு முன்னால.
அதை அலமாரியில பூட்டிட்டு
அடுத்த ஸ்டேஷன் திறந்தாங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
லோரியில் ஏறி
கறுப்பு மார்க்கர் ஒன்றை எடுத்து வந்தார்.

செக்கைத் திருப்பிப் போட்டோம்.
பின்பக்கம் வெள்ளை.
மேலே கம்பெனியின் முழுப் பெயர்,
சென்டிரியான் பெர்ஹாட் வரைக்கும்.
கீழே, தையல் மெஷின் 1,350.
வாத்து எட்டு, ஒன்று 28.
வாஷிங் மெஷின், இன்னும் ஏழு தவணை பாக்கி.
தோட்டத்தில் பதினாறு நாள் வேலை இல்லை:
கிராணி கணக்குப் போட்டுத் தந்தார்,
என் பெயரை எழுதாதே என்றார்.
ரஃபிகுல் தன் பாஸ்போர்ட்டைச் சொன்னான்.
பிறகு கொஞ்சம் தயங்கி,
பங்களாதேஷில் அவன் வீட்டை ஆறு கொண்டுபோனதையும்
இதிலேயே சேர்க்கலாமா என்று கேட்டான்.
சேர்த்தோம்.

டயாலிசிஸுக்குப் போக முடியாத தெய்வானை,
அது ஒரு வரி.
எதிரே இடம் விட்டிருக்கிறோம்.

மேனேஜர் வந்து நின்றார்.
"இதை எந்த ஊருக்கு அனுப்புவே?"
தெரியாது. தபால்காரரின் மோட்டாரில் இது ஏறாது.
எந்த கோர்ட்டின் வாசல் இவ்வளவு அகலம் என்றும் தெரியாது.

எழுபத்திரண்டாவது வரியில் மார்க்கர் காய்ந்துவிட்டது.
வரிசை இன்னும் ரோடு வரை நின்றது.
உள்ளே போய்ப் புது மார்க்கர் எடுத்தேன்,
மூன்று வெள்ளி இருபது சென்.
என் காசைப் போட்டு, ரசீதைக் கிழித்து
பலகையில் ஒட்டி,
அதையும் ஒரு வரியாக எழுதினேன்.